பதிஞ்ச கொம்பனி எண்ட பேப்பரைப் பாத்து வைப்புக் காசைக் குடுக்காதேங்கோ

எங்கட வெள்ளவத்தைப் பக்கம் இப்ப நாலு பேர் கூடிக் கதைச்சா கதை கடைசியில வட்டியிலதான் வந்து நிக்கும். 2022ல இலங்கையின்ட பொருளாதாரம் விழுந்த நேரம் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலயும் குடுத்தாங்கள், சாமான் விலை அதையும் தாண்டிப் போனது வேற கதை, ஆனா மாசம் பிறந்தா ஒரு நல்ல தொகை கைக்கு வந்தது. இப்ப அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிட்டு. பென்ஷனும் இல்லாம, பிள்ளையளும் வெளிநாட்டில இருக்க, ஊர்க் காணியை வித்த காசை பேங்க்கில போட்டிட்டு அதின்ட வட்டியில மருந்தும் கரண்ட் பில்லும் கட்டுற சனத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி எண்டு மற்ற ஆக்களுக்கு விளங்காது. இந்த நேரம் பாத்துத்தான் ஆரோ ஒருத்தர் வாறார், அதுவும் தெரியாத ஆள் இல்ல, கோயில்ல கண்ட முகம், இல்லாட்டி மச்சானோட படிச்சவர், "அன்ரி, மாசம் அஞ்சு வீதம் குடுக்கிறாங்கள், நானும் போட்டிருக்கிறன், ரெண்டு மாசமா ஒழுங்கா வருது" எண்டு சொல்லுவார்.

நான் கனகாலம் ஒரு பேங்க்கில வைப்புப் பகுதியில வேலை செய்தனான். அதை விட்டாப் பிறகும் எங்கட ஃப்ளட்ஸ்ல இருக்கிற ஆக்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து "பிள்ளை, இதை ஒருக்காப் பாத்துச் சொல்லு" எண்டு கேக்கிறது நிக்கேல்ல. அப்பிடி வாற ஃபைல் எல்லாத்திலயும் முதலாவதா இருக்கிறது ஒரே பேப்பர்தான். மேல அரசாங்க இலச்சினை, கீழ 2007ம் ஆண்டு 7ம் இலக்க கம்பனிகள் சட்டம் எண்டு ஒரு வரி, பீவீ எண்டு தொடங்குற ஒரு இலக்கம், பதிவாளரின்ட கையெழுத்து. வடிவா லெமினேட் பண்ணி வச்சிருப்பாங்கள். அதைக் காட்டி "அரசாங்கத்தில பதிஞ்ச கொம்பனி, பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்லியிருப்பாங்கள். பேப்பர் பொய் இல்ல, அதுதான் இதில கஷ்டமான இடம். அது உண்மையான சான்றிதழ்தான், ஆனா அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கு: இந்தப் பேரில ஒரு கொம்பனி பிறந்திருக்கு. கட்டணத்தைக் கட்டி ஃபோர்மை ஒன்லைன்ல நிரப்பினா ஆருக்கும் அது கிடைக்கும், கேக் செய்து விக்கிற பிள்ளைக்கும் கிடைக்கும், கட்டிட கொந்துராத்துக்காரருக்கும் கிடைக்கும். பொதுசனத்திட்ட வைப்பு வாங்கலாம் எண்டு அந்தப் பேப்பரில எங்கயும் எழுதியிருக்காது.

வைப்பு வாங்குறதுக்கு வேற அனுமதிப்பத்திரம் வேணும், அதைக் குடுக்கிறது மத்திய வங்கி. பேங்க் எண்டா 1988ம் ஆண்டு 30ம் இலக்க வங்கித்தொழில் சட்டம், ஃபினான்ஸ் கொம்பனி எண்டா 2011ம் ஆண்டு 42ம் இலக்க நிதித்தொழில் சட்டம். வேற ஒரு சட்டம் விசேஷமா அனுமதிச்ச இடமும் இல்லாம, இந்த ரெண்டில ஒண்டின் கீழ லைசன்ஸும் இல்லாம ஒரு இடம் உங்கட காசை வைப்பா வாங்கினா வட்டி கூடவோ குறையவோ, ஒஃபிஸ் காலி வீதியில கண்ணாடி போட்ட கட்டிடமோ இல்லையோ, அது சட்டத்துக்கு வெளியில நடக்கிற வேலை. லைசன்ஸ் உள்ள இடங்களின்ட பட்டியல் மத்திய வங்கியின்ட வெப்சைட்டில இருக்கு, அதைத் திறந்து பேரை எழுத்துக்கு எழுத்துப் பாருங்கோ, ஏன் எண்டா பட்டியல்ல இருக்கிற ஒரு பேருக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி ஒரு சொல்லை மாத்திப் பேர் வைக்கிறது பழைய வேலை. இன்னொண்டையும் கவனிக்கவேணும். லீசிங் செய்யிறதுக்குப் பதிஞ்சிருப்பாங்கள், வெளிநாட்டுக் காசு மாத்துறதுக்கு அனுமதி எடுத்திருப்பாங்கள், அதைக் காட்டி "மத்திய வங்கி அங்கீகாரம்" எண்டு சொன்னா அதுவும் உண்மைதான், ஆனா அது உங்கட வைப்புக்கு இல்ல. எதுக்கு லைசன்ஸ் எண்டுறதுதான் கேள்வி.

இதை நான் ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்லுறன் எண்டா 2008 டிசம்பரில கொழும்பில நடந்ததை என்னால மறக்க ஏலாது. கோல்டன் கீ எண்டது கிரெடிட் கார்ட் கொம்பனி, அது சனத்திட்ட வைப்பு மாதிரிக் காசு வாங்கிக் கூடின வட்டி குடுத்துக்கொண்டு வந்தது, பெரிய செலிங்கோ குழுமத்தின்ட பேர் பின்னால நிண்டதால ஆரும் யோசிக்கேல்ல, டொக்டர்மார், லோயர்மார், ரிட்டயர் ஆன ஆக்கள் எல்லாரும் போட்டாங்கள். அது வைப்பு வாங்குறதுக்கு மத்திய வங்கியின்ட லைசன்ஸ் இருந்த இடம் இல்ல. அது முறிஞ்ச உடன அதே குழுமத்தோட சேந்திருந்த செலான் வங்கிக்கு முன்னாலயும் சனம் வரிசையில நிக்கத் தொடங்கிட்டு. அப்ப என்ன நடந்தது எண்டு பாருங்கோ. செலான் வங்கி லைசன்ஸ் உள்ள பேங்க், அதனால அந்த டிசம்பர் முடியிறதுக்கு முன்னமே மத்திய வங்கி உள்ள இறங்கி நிர்வாகத்தை இலங்கை வங்கியிட்டக் குடுத்துது, பேங்க் தப்பிச்சுது, வைப்புக்காரரின்ட காசு போகேல்ல, இண்டைக்கும் அந்த பேங்க் நடக்குது. கோல்டன் கீயில போட்ட ஆயிரக்கணக்கான ஆக்கள் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், வருஷக் கணக்கில காத்திருந்து, பகுதி பகுதியாக் கிடைச்சதை வாங்கினாங்கள், சில பேர் அதைக் காணாமலே செத்தும் போச்சினம். ரெண்டும் ஒரே குழுமம், ஒரே மாசம், ஒரே ஊர். ஒண்டு வேலிக்கு உள்ள இருந்தது, மற்றது வெளியில.

லைசன்ஸ் இருந்தா எல்லாம் பத்திரம் எண்டும் நான் சொல்லமாட்டன். 1940ல தொடங்கின த ஃபினான்ஸ் கொம்பனி, இந்த நாட்டின்ட பழைய ஃபினான்ஸ் கொம்பனிகளில ஒண்டு, 2020 மே மாசம் அதின்ட லைசன்ஸை மத்திய வங்கி ரத்துச் செய்தது. அதே வருஷம் ஜூலையில ஈடிஐ எண்ட ஃபினான்ஸ் கொம்பனியின்ட லைசன்ஸும் போச்சு. ரெண்டும் அதுக்கு முதலே கன வருஷமாத் தள்ளாடிக்கொண்டு நிண்டதுகள், மேற்பார்வை செய்யிறவை அவ்வளவு காலமும் வைப்பு வாங்க விட்டிருக்கக் கூடாது எண்டு எனக்கு இண்டைக்கும் கோபம் இருக்கு. ஆனா அந்த வைப்புக்காரருக்கும் கோல்டன் கீ ஆக்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது, வைப்புக் காப்புறுதி. 2010 ஒக்டோபரில தொடங்கின திட்டம் அது, லைசன்ஸ் உள்ள எல்லா பேங்க்கும் ஃபினான்ஸ் கொம்பனியும் அதில கட்டாயம் சேரவேணும். முதல் ரெண்டு லட்சம் வரைக்கும்தான் குடுத்தாங்கள், பிறகு கூட்டிக் கூட்டி 2021 ஏப்ரலில இருந்து 11 லட்சம் ரூபா.

இந்த 11 லட்சத்தை நிறையப் பேர் பிழையா விளங்கி வச்சிருக்கினம். அது ஒரு ஆளுக்கு, ஒரு நிறுவனத்துக்கு. வெள்ளவத்தைக் கிளையில ஒரு எக்கவுண்டும் கொட்டாஞ்சேனைக் கிளையில ஒரு எக்கவுண்டும் வச்சிருந்தா ரெண்டும் சேத்துத்தான் 11 லட்சம், கிளைக்குக் கிளை இல்ல. கையில 30 லட்சம் இருக்கிற ஒரு ஆள் அரை வீத வட்டி கூட எண்டு முழுக்க ஒரே ஃபினான்ஸ் கொம்பனியில போடுறதைக் கண்டா எனக்கு நெஞ்சு பதறும், மூண்டு இடத்தில பிரிச்சுப் போடுங்கோ எண்டுதான் சொல்லுவன். அதோட இந்தக் காப்புறுதி நிறுவனம் முறிஞ்சு லைசன்ஸ் போற நேரத்துக்குத்தான். உங்கட ஃபோனுக்கு ஆரோ கோல் எடுத்து ஏமாத்தி எக்கவுண்டை வழிச்சுக்கொண்டு போனா இதில இருந்து ஒரு சதமும் வராது.

பிரமிட் விஷயத்தை, அதாவது புதுசா ஆள் சேக்கச் சேக்கக் காசு வரும் எண்டுற திட்டங்களை, சுருக்கமாச் சொல்லுறன். வங்கித்தொழில் சட்டத்தின்ட 83சீ பிரிவு இந்த ஆள் சேக்கிற திட்டங்களைத் தடை செய்யுது. நடத்துறவனுக்கு மட்டும் இல்ல, விளம்பரம் செய்யிறவனுக்கும் ஆள் சேத்து விடுறவனுக்கும் அது பொருந்தும், மறியலும் தண்டமும் இருக்கு. 2023ல மத்திய வங்கி ஒன்மக்ஸ் டிடி, எம்டிஎஃப்ஈ எண்ட ஒன்லைன் முதலீட்டுத் திட்டங்களைப் பேர் சொல்லியே இதுகள் தடை செய்யப்பட்ட திட்டங்கள் எண்டு அறிவிச்சது. எம்டிஎஃப்ஈ அந்த வருஷம் ஓகஸ்டில விழுந்த நேரம் ஆப்பில லட்சக்கணக்கில காட்டின மீதி திடீரெண்டு மைனஸுக்குப் போய் நீங்கதான் எங்களுக்குக் காசு தரவேணும் எண்டு நிண்டது. உங்களுக்குக் கீழ தங்கச்சியைச் சேத்து, தங்கச்சிக்குக் கீழ அவளின்ட பக்கத்து வீட்டுக்காரியைச் சேத்து வச்சிருந்தா காசு போறதோட சொந்தமும் போகும், பொலிஸ் வந்தா உங்கட பேரும் பட்டியல்ல இருக்கும். நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு ஆள் சேத்தவைக்குத்தான் இதில கூடின பாரம்.

இப்ப ஃபோன் வழியா வாறதுக்கு வாறன், ஏன் எண்டா இப்ப கூடச் சனம் விழுகிறது இதிலதான். தபால் திணைக்களம் எண்டு ஒரு மெசேஜ் வரும், உங்கட பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் சரியில்ல, இந்த லிங்க்கில திருத்துங்கோ எண்டு. தபால் திணைக்களமே கனதரம் அறிவிச்சாச்சு, நாங்க அப்பிடி அனுப்புறேல்ல எண்டு. ஆனா லண்டன்ல இருந்து மகள் உண்மையாவே பார்சல் போட்டிருக்கிற நேரம் அந்த மெசேஜ் வந்தா ஆர்தான் சந்தேகப்படுவினம்? லிங்க்கை அமத்தினா தபால் திணைக்களத்தின்ட பக்கம் மாதிரியே வரும், சின்னத் தொகை கேக்கும், சும்மா நூறு இருநூறு ரூபா, அதுக்கு கார்ட் இலக்கம், பின்பக்கத்து மூண்டு இலக்கம், பிறகு ஓடிபி, அதாவது ஒருக்கா மட்டும் பாவிக்கிறதுக்கு பேங்க் ஃபோனுக்கு அனுப்புற ரகசிய இலக்கம். இந்த இடத்தில கொஞ்சம் நில்லுங்கோ. பேங்க்கில இருந்து வாற அந்த ஓடிபி மெசேஜை முழுக்க வாசிச்சுப் பாத்திருக்கிறீங்களா? நாங்க எல்லாரும் ஆறு இலக்கத்தைத்தான் தேடுறம். அந்த இலக்கத்துக்கு முன்னால இல்லாட்டிப் பின்னால பெரும்பாலும் தொகை இருக்கும், எந்த நாட்டுக் காசு எண்டு இருக்கும், கடையின்ட பேர் இருக்கும். இருநூறு ரூபா கட்டுறன் எண்டு நீங்க நினைச்சுக்கொண்டு இருக்க மெசேஜில டொலரிலயோ யூரோவிலயோ ஒரு பெரிய தொகை நிக்கும். அந்த ஒரு வரியை வாசிச்சா மிச்சம் நடக்காது.

ஆனா அந்த வரி வாறது இங்கிலீஷில. எழுபது வயசு அம்மாவுக்கு, தமிழும் கொஞ்சம் சிங்களமும் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு, அந்த மெசேஜால என்ன பிரயோசனம்? எக்கவுண்ட் திறக்கிற நேரம் தமிழில ஃபோர்ம் இருக்கு, கோயில் திருவிழாவுக்குத் தமிழில வாழ்த்து அனுப்பத் தெரியுது, காசைக் காப்பாத்துற அந்த ஒரு மெசேஜ் மட்டும் ஏன் அவைக்கு விளங்காத பாஷையில வரவேணும்? மத்திய வங்கி பேங்க்குகளுக்குக் கட்டாயமாச் சொல்லவேண்டிய விஷயம் இது எண்டு நான் முழுசா நம்புறன், இதுக்குப் பெரிய செலவும் இல்ல. அது வரும் வரைக்கும் உங்கட அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில இருந்து ஒரு பழைய ஓடிபி மெசேஜை எடுத்து, இது தொகை, இது கடை, இது ஆருக்கும் சொல்லக் கூடாத இலக்கம் எண்டு காட்டிக் குடுங்கோ. காசு வாங்குறதுக்கு ஓடிபி தேவையில்ல எண்டதையும் சொல்லுங்கோ, பழைய ஃப்ரிட்ஜை ஒன்லைன்ல விக்கப் போட்டா "காசு அனுப்புறன், உங்களுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கோ" எண்டு கேக்கிறவன் காசு அனுப்ப வந்தவன் இல்ல.

லண்டன்ல இருக்கிற சொந்தங்கள் ஒரு கதை சொல்லுவினம், எங்களுக்கு இப்பிடி நடந்தது, பேங்க் திருப்பித் தந்திட்டுது எண்டு. அது உண்மை. அங்க 2024 ஒக்டோபர் 7ம் திகதியில இருந்து, ஏமாந்து நீங்களே அனுப்பின காசா இருந்தாலும் 85,000 பவுண்ஸ் வரைக்கும் பேங்க் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு விதி இருக்கு, அதுக்குள்ளயும் சில விதிவிலக்கு இருக்கு. அதைக் கேட்டிட்டு இங்க இருக்கிறவையும் எங்கட பேங்க்கும் தரும் எண்டு நினைக்கினம். இங்க அப்பிடி ஒரு விதி இன்னும் இல்ல. நீங்களே ஓடிபி குடுத்து, நீங்களே அனுப்பின காசு எண்டா பேங்க் முதல் சொல்லுற பதில் "கொடுக்கல் வாங்கல் சரியாத்தான் நடந்திருக்கு" எண்டதுதான். பேங்க்குக்கு பேங்க் உடனடியாக் காசு அனுப்புற செஃப்ட்ஸ் முறையில காசு செக்கன் கணக்கில மற்ற பேங்க்குக்குப் போயிடும், அங்க இருந்து இன்னொரு எக்கவுண்ட், பிறகு ஏடிஎம். முதல் மணித்தியாலத்தில என்ன செய்யிறீங்கள் எண்டதுதான் எல்லாம். முதல்ல பேங்க்கின்ட ஹொட்லைனுக்கு அடிச்சு கார்டையும் ஒன்லைன் பேங்கிங்கையும் பூட்டச் சொல்லுங்கோ, கதைச்ச ஆளின்ட பேரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கோ, பிறகு அதே நாள் கிளைக்குப் போய் எழுத்தில குடுத்து கொப்பியில சீல் அடிச்சு வாங்குங்கோ. சும்மா வாயால சொல்லிட்டு வந்தா பிறகு ஒண்டும் நிக்காது, கவுண்டருக்கு மற்றப் பக்கத்தில இருந்து பாத்த எனக்கு அது நல்லாத் தெரியும். பொலிஸ் முறைப்பாடும் வேணும், கொம்பியூட்டர் குற்றங்களைப் பாக்கிற பிரிவு சீஐடியில இருக்கு. பேங்க் சரியாப் பதில் சொல்லாட்டி மத்திய வங்கியின்ட நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935க்கு அடியுங்கோ, அந்தப் பிரிவு 2020ல இந்த வேலைக்கெண்டே தொடங்கினது. அதுக்குப் போக முதல் பேங்க்குக்கு எழுதிக் குடுத்த கொப்பி கையில இருக்கவேணும், அதைத்தான் முதல் கேப்பினம். போலி ஃபேஸ்புக் பக்கம், போலி வெப்சைட் எண்டா கொம்பியூட்டர் பாதுகாப்பைப் பாக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101க்கு அடியுங்கோ.

பேங்க் செய்த பிழையா இருந்தா, உதாரணத்துக்கு நீங்க கார்டைப் பூட்டச் சொன்னாப் பிறகும் காசு போயிருந்தா, விடாதேங்கோ. அந்த நேரம் ஒழுங்குவிதி உங்கட பக்கம் நிக்கும், எத்தினை மணிக்கு அடிச்சனீங்கள் எண்ட கோல் விபரம் ஃபோன்ல இருக்கும், அதை அழிக்காதேங்கோ.

இன்னொரு ஆக்களைப் பற்றிச் சொல்லவேணும், ஆரும் அவ்வளவாக் கதைக்காத ஆக்கள். டெலிகிராமில பார்ட் டைம் வேலை, வீடியோவுக்கு லைக் போடுங்கோ, ஹோட்டலுக்கு ஸ்டார் குடுங்கோ எண்டு வாறதில காசு போடுற ஆக்கள் அதை அனுப்புறது வெளிநாட்டுக்கு எண்டு நினைக்காதேங்கோ. அது போறது பெரும்பாலும் உள்ளூர் எக்கவுண்டுக்கு, உண்மையான ஒரு பெடியன்ட பேரில, அடையாள அட்டை குடுத்துத் திறந்த எக்கவுண்டுக்கு. ஏ எல் முடிச்சிட்டு வேலை தேடிக்கொண்டு இருக்கிற பிள்ளையிட்ட வந்து "உன்ட எக்கவுண்டைக் கொஞ்ச நாளுக்குத் தா, வாற காசை மாத்தி அனுப்பு, உனக்கு ஒரு கமிஷன்" எண்டு கேப்பாங்கள். பிள்ளைக்கு அது களவு எண்டே தெரியாது. 2024ல நீர்கொழும்பிலயும் மடிவெலயிலயும் பத்தரமுல்லையிலயும் வீடு எடுத்து இருந்து ஒன்லைன் மோசடி செய்தாங்கள் எண்டு வெளிநாட்டுக்காரரைக் கூட்டமாப் பிடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்பிடிப்பட்டவங்கள் ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு போயிடலாம், ஆனா எக்கவுண்டில பேர் இருக்கிற பிள்ளை இங்கதான் இருக்கும்.

பேங்க்குக்கு 2006ல இருந்து நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் இருக்கு, சந்தேகமான காசு ஓட்டத்தை மத்திய வங்கிக்குள்ள இருக்கிற நிதி உளவறிதல் பிரிவுக்குச் சொல்லியே ஆகவேணும். சம்பளம் இல்லாத ஒரு பிள்ளையின்ட எக்கவுண்டில ஒரே நாளில பல இடத்தில இருந்து காசு வந்து அண்டைக்கே வெளியில போனா அது கண்ணில படும். பிறகு எக்கவுண்ட் முடங்கும், விசாரணை வரும், களவுக் காசை நல்ல காசாக்கிறதைத் தடுக்கிற காசு தூயதாக்கல் சட்டத்தில பேர் வரும். நாளைக்கு வெளிநாட்டுக்குப் படிக்கப் போறதுக்கு பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கப் போனா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அதனால வீட்டில பதினெட்டு இருபது வயசில பிள்ளையள் இருந்தா அவையோட கட்டாயம் கதையுங்கோ, கார்டையும் ஒன்லைன் பாஸ்வேர்டையும் ஃப்ரெண்டுக்கும் குடுக்கக் கூடாது, தன்ட பேரில எடுத்த சிம்மையும் குடுக்கக் கூடாது. தெரியாத காசு எக்கவுண்டில வந்து விழுந்து, ஆரோ கோல் எடுத்து "பிழையா அனுப்பிட்டன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்கோ" எண்டு கெஞ்சினா, பாவம் எண்டு திருப்பிப் போடவும் வேண்டாம், எடுத்துச் செலவழிக்கவும் வேண்டாம். அப்பிடியே விட்டிட்டு கிளைக்குப் போய், இந்தத் திகதி இந்தத் தொகை எனக்குத் தெரியாம வந்திருக்கு, அனுப்பின எக்கவுண்டுக்கே பேங்க் மூலமாத் திருப்புங்கோ எண்டு தமிழில எழுதிக் குடுத்து, கொப்பியில சீலும் திகதியும் போட்டு வாங்கச் சொல்லுங்கோ. வந்த கோலின்ட நம்பரையும் அந்தக் கடிதத்தில எழுதுங்கோ.